ஹாஃப்-ஆர்க் செத்து நோமாகப் பிறந்தான். ஆடுபவர் இரண்டு வாரமாக வரவில்லை

மொட்டைமாடி டி.எம். எழுதியது:

நண்பர்களே, ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்தும் டி.எம். நான். என்னோடு சேர்த்து ஐந்து பேர். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள்தாம். 2024-இன் புதிய புத்தகத்தை நண்பர் ஒருவரிடம் வாங்கிப் புரட்டியதோடு சரி. ஒன்றரை வருடமாக ஒரே கதை. எல்லாரும் ஒன்பதாம் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

குழுவில் கொர்காத் என்று ஒரு பார்பேரியன், வெறியோடு சண்டை போடும் போர்வீரன். ஹாஃப்-ஆர்க் (பாதி மனிதன், பாதி ஆர்க் என்ற முரட்டு இனம்), ஆறேகால் அடி உயரம், கையில் பெருங்கோடரி. அவனை ஆடுபவர் என்னோடு பள்ளியில் படித்தவர். நேரில் அதிகம் பேசமாட்டார். டீக்கடையில்கூட அவருக்கும் சேர்த்து நான்தான் சொல்ல வேண்டும். ஆனால் கொர்காத்தாகப் பேசத் தொடங்கினால் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் வரும் பாருங்கள், கீழே சமையலறையிலிருந்து என் அம்மா, "யாரப்பா அது, புதிதாக ஒருவர் வந்திருக்கிறாரா?" என்று ஒருமுறை கேட்டார்.

மூன்று வாரத்துக்கு முன்பு காட்டுக்குள் ஓர் இளம் பச்சை டிராகனோடு சண்டை. நச்சு மூச்சு: சேதத்துக்குப் பன்னிரண்டு ஆறுமுகப் பகடைகள். ஹாஃப்-ஆர்க்குக்கு ஒருமுறை விழாமல் தாக்குப்பிடிக்கும் வரம் உண்டு, அதை அவர் முந்தைய சுற்றிலேயே செலவழித்துவிட்டார். விழுந்தார். சாவை எதிர்த்து உருட்டிய பகடை மூன்று முறையும் தோற்றது. செத்த ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரெவிவிஃபை மந்திரம் எங்கள் குழுவில் யாரிடமும் இல்லை. எங்கள் டுரூயிட்டிடம் (இயற்கையின் மந்திரங்களைப் பயன்படுத்துபவர்) ரீஇன்கார்னேட் இருந்தது: செத்தவரைப் புது உடலில் எழுப்பும் மந்திரம், எந்த இனத்து உடல் என்பதை ஓர் அட்டவணையைப் பார்த்துப் பகடை முடிவு செய்யும். அதற்கு வேண்டிய ஆயிரம் பொன் பெறுமான தைலங்களையும் முன்யோசனையாக வாங்கி வைத்திருந்தார். "செய்யட்டுமா?" என்று கேட்டார். நண்பர் தலையாட்டினார்.

எல்லார் முன்னாலும் நூற்றுக்கான பகடையை நான் உருட்டினேன். 48. அட்டவணையில் 47 முதல் 52 வரை பாறை நோம், குள்ளமான நோம் இனத்தில் ஒரு வகை.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பதற்கில்லை. மூன்றரை அடிக் கொர்காத் எழுந்து உட்கார்ந்தான். நண்பர் வழக்கமான குரலில், "என் கோடரி எங்கே?" என்றார். உடனே எங்கள் மந்திரவாதியை ஆடுபவர், "நோம் அப்படியா பேசும்? இப்படித்தான் பேசும்" என்று கீச்சுக்குரலில் அதே வசனத்தைச் சொல்லிக் காட்டினார். மறுபடி சிரிப்பு. பிறகு நான் கதாபாத்திரத் தாளை வாங்கி மாற்ற வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். வலிமை 20-இலிருந்து 18. பெருங்கோடரி சிறிய உடலுக்குக் கனம், அதனால் ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மிரட்டும் திறமை போயிற்று, தாக்குப்பிடிக்கும் வரம் போயிற்று. அவர் ரப்பரால் அழித்து அழித்து எழுதிக்கொண்டார். அன்று அம்மா சுட்ட முறுக்கு வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. அலுவலக வேலை என்றார். ஞாயிறன்று அந்த அலுவலகம் பூட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மறுபடி உருட்டவா? 'டி.எம். விரும்பினால் உருவத்தைத் தேர்ந்தெடுக்கலாம்' என்று மந்திரத்தின் விவரத்திலேயே இருக்கிறது. பேசாமல் ஹாஃப்-ஆர்க்காகவே திருப்பிக் கொடுத்துவிடவா? கொடுத்தால் சாவுக்கு என்னதான் விலை? நல்லது செய்யப்போய் கெட்ட பெயர் வாங்கியதாக எங்கள் டுரூயிட் வேறு வருத்தத்தில் இருக்கிறார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் எண்களைப் பார்ப்போம், பதற்றம் பாதி குறையும்.

அந்த அட்டவணையில் உள்ள இனங்களில் மனிதனுக்கு நூற்றுக்கு 20, எல்ஃப் மூன்று வகையும் சேர்ந்து 21, டுவார்ஃப் 17, ஹாஃப்லிங் 16, நோம் 10. டிராகன்பார்ன், ஹாஃப்-எல்ஃப், ஹாஃப்-ஆர்க், டீஃப்லிங் ஆகிய நான்குக்கும் தலா 4. ஆக உங்கள் நண்பர் பழையபடி ஹாஃப்-ஆர்க்காக எழ இருபத்தைந்தில் ஒரு வாய்ப்புதான் இருந்தது. சிறிய உடலோடு (ஹாஃப்லிங் அல்லது நோம்) எழுவதற்கு நூற்றுக்கு 26, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. பெருங்கோடரி தூக்கும் ஓர் ஆளுக்கு இது சின்ன ஆபத்து இல்லை. இதை உருட்டுவதற்கு முன்பு அவரிடம் யாராவது சொன்னீர்களா?

இப்போது இழப்புக் கணக்கு. பெருங்கோடரிக்குப் பன்னிரண்டுமுகப் பகடை, சராசரி 6.5. போர்க்கோடரியை இரண்டு கையால் பிடித்தால் பத்துமுகப் பகடை, சராசரி 5.5, அதற்குக் கனம் என்ற தடையும் கிடையாது. ஆயுதத்தால் வரும் நட்டம் அடிக்கு ஒரு புள்ளி. வலிமை குறைந்ததால் இன்னொரு புள்ளி. பெருங்கோடரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பார்பேரியனுக்கே உரிய கண்மூடித்தனமான தாக்குதல் அந்தத் தடையைச் சமன் செய்துவிடும், ஒரே பகடையாக உருட்டலாம். எதிரிக்கு இவர்மேல் கிடைக்கும் சாதகம் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) மட்டும் அப்படியே நிற்கும்.

வரவுப் பக்கத்தை நீங்கள் படித்துக் காட்டியதாகத் தெரியவில்லை. மந்திரங்களுக்கு எதிராக அறிவு, விவேகம், கவர்ச்சி மூன்றிலும் நோமுக்குச் சாதகம் உண்டு. பார்பேரியனை வீழ்த்துவது எப்போதும் வாள் அல்ல. ஆளைக் கட்டிப்போடும் மந்திரமும் மயக்கும் மந்திரமும்தான். அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார் உங்கள் கொர்காத். தாக்குப்பிடிக்கும் வரம் போனதற்கு இது மோசமான மாற்று அல்ல. ஓகர் போன்ற பெரிய அரக்கனைக் கட்டிப்பிடித்துத் தரையில் அமுக்குவது மட்டும் இனி நடக்காது. சிறிய உடலால் நடுத்தர உடல்வரைதான் பிடிக்க முடியும்.

2024 விதியில் கனமான ஆயுதத்துக்கு உடல் அளவைப் பார்ப்பதே இல்லை. கைகலப்பு ஆயுதம் என்றால் வலிமை 13 இருந்தால் போதும். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்காவிட்டாலும் அந்த ஒரு வரியைக் கடன் வாங்கலாம். 18 வலிமையோடு கோடரி அவர் கையிலேயே இருக்கட்டும்.

பழைய பகடை எழுதியது:

தம்பி, மறுபடி உருட்டாதே. உருட்டினால் அடுத்த சாவிலும் உருட்டச் சொல்வார்கள்.

நான் 1990-களில் பெங்களூர் விடுதியில் ஆடியவன். இரண்டாம் பதிப்பு, புத்தகம் ஒருவனிடம்தான் உண்டு, மற்றவர்களுக்கு நகல் எடுத்த தாள்கள். அப்போது இது டுரூயிட்டின் ஏழாம் படி மந்திரம். அந்த அட்டவணையை நீ பார்க்க வேண்டும். நரி, ஆந்தை, கரடி, ஓநாய், காட்டுப்பன்றி எல்லாம் வரும். மனிதனும் எல்ஃபும் நடுவில் எங்கோ ஒளிந்திருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு போர்வீரன் ஆந்தையாக எழுந்தான். வாளைத் தூக்கக் கையே கிடையாது. ஆடியவன் இரண்டு மாதம் அந்த ஆந்தையாகவே ஆடினான். பாலத்துக்கு மேலே பறந்து எதிரிகளை எண்ணிவிட்டு வருவான், ஆனால் பழைய ஞாபகத்தில் சண்டைக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பான். பிறகு 3.5 பதிப்பில் கோபோல்டு, ட்ரோக்ளோடைட் என்றெல்லாம் வந்தது. கூடவே ஒரு நிலையும் பறிபோகும். இப்போது என்ன? பத்து நாளுக்குள் செய்தால் முழு வலுவோடு எழுந்து உட்காருகிறான். ரெய்ஸ் டெட் மந்திரத்தில் எழுப்பினால்கூட நான்கு புள்ளித் தளர்ச்சி உண்டு, ஒவ்வொரு இரவாகத் தூங்கித்தான் அது தீரும். இதில் அதுவும் இல்லை. வேற்று உடம்பு ஒன்றுதான் விலை. அதையும் தள்ளுபடி செய்தால் என்ன மிச்சம்?

ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் இந்தக் கதை ஏற்கெனவே இருக்கிறது. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்கிறான், பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. வழிப்போக்கராக வந்த யோகி தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் அழுகையை நிறுத்துகின்றன. மாலையில் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனால் மூலன் மனைவி வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். இவர் விலகி நிற்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சொந்த உடலைக் காணவில்லை. அந்த இடையன் உடம்போடுதான் திருமூலர் என்று பெயர் வாங்கினார். உடம்பு மாறியதைக் கதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது, கவனித்தாயா? பசு என்ன செய்தது, மனைவி என்ன செய்தாள், ஊர் என்ன சொன்னது என்பதில்தான் அது நிற்கிறது. நீ உன் ஆட்டத்தில் அதைச் செய்தாயா, வலிமை 18 என்று ரப்பரைக் கொடுத்தாயா?

ஹாஃப்-ஆர்க் 75 வயதைத் தாண்டுவதே அபூர்வம். நோம் 350-க்கு மேல் இருப்பான். கொர்காத்துக்குத் தங்கை உண்டா? அவள் கிழவியாகிச் சாவதை அவன் பார்க்கப்போகிறான். இதைக் கொடு அவனிடம்.

ஓக்மரத்தடி எழுதியது:

மேலே இருவரும் சொன்னது சரிதான், ஆனால் இரண்டு பேருமே மொட்டைமாடி எழுதிய ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவரும்தான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வில்லாளி ஒருத்தியை ஆடினேன், மனிதப் பெண். என் தங்கை அவளுக்குப் படம் வரைந்து கொடுத்திருந்தாள்; தாளின் மூலையில் ஒட்டி வைத்திருந்தேன். அவள் செத்தாள், ரீஇன்கார்னேட் செய்தார்கள், இருண்ட எல்ஃப் வந்தது. நூற்றுக்கு நான்கு, கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். நேர் வெயிலில் குறிபார்த்தால் தடை. வில்லாளிக்கு! பாதிக் கதை பாலைவனத்தில். ஆனால் நான் மூன்று வாரத்தில் ஆட்டத்தை விட்டதற்கு வெயில் காரணமில்லை. எங்கள் டி.எம். அந்தப் படத்தைப் பார்த்து, "இதை எடுத்துவிடலாமே, இனி இவள் இல்லையே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பசை காய்ந்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்து வந்தது, அவ்வளவுதான்.

மொட்டைமாடி அண்ணா, உங்கள் நண்பர் நேரில் பேசமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொர்காத் குரலில் பேசுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நோமாக எழுந்ததும் அந்தக் குரலில்தான் பேசினார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது மூன்றரை அடியை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். கோடரி எங்கே என்று கேட்டு ஆட்டத்தைத் தொடரவும் செய்தார். அதற்குப் பிறகுதான் இன்னொருவர் அவர் வாயிலிருந்து வசனத்தைப் பிடுங்கிக் கீச்சுக்குரலில் பேசினார், எல்லாரும் சிரித்தீர்கள். அவர் இழந்தது இரண்டு புள்ளி வலிமையையா?

மந்திரத்தில் குரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழைய வாழ்வும் அனுபவமும் நினைவிருக்கும், திறன்கள் தங்கும், இனத்துக்கு உரிய கூறுகள் மட்டும் மாறும். அவ்வளவே. கீச்சுக்குரல் எந்த இனத்துக்கும் உரிய கூறாகப் புத்தகத்தில் கிடையாது.

இன்னொன்று. ஆன்மா விடுபட்ட நிலையில் இருந்து, வரவும் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் பலிக்காது. ஆடுபவருக்கு அந்த மந்திரத்தில் இருக்கும் ஒரே உரிமை அதுதான். எங்கள் இப்போதைய குழுவில் நான்தான் டுரூயிட். நான் தைலத்தைத் தொடுவதற்கு முன்பு டி.எம். செத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, அட்டவணையை முழுசாகக் காட்டி, "வருகிறாயா?" என்று கேட்பார். ஒருமுறை ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆயிரம் பொன்னை எண்ணி வைத்த எனக்கு எரிச்சல்தான், ஆனால் அந்தச் சாவு இன்றுவரை எங்கள் கதையில் பெரிய சாவு. சம்மதித்தால் பகடையை அவரேதான் உருட்டுவார். புத்தகப்படி டி.எம். உருட்ட வேண்டும், தெரியும். தன் கையால் உருட்டிய 48-ஐ யாரும் அவ்வளவு சீக்கிரம் கோபித்துக்கொள்வதில்லை.

உங்கள் நண்பர் தலையாட்டினார் என்கிறீர்கள். எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்குத் தெரியுமா?

மொட்டைமாடி டி.எம். எழுதியது:

ஓக்மரத்தடி, உங்கள் பதிலைக் காலையில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். குரலைப் பற்றி எழுதியவன் நான்தான், எழுதியதை நான் படிக்கவில்லை.

அவருக்குத் தெரியாது. அட்டவணையை அவர் பார்த்ததே இல்லை. உயிர்த்தெழும் மந்திரம் என்று நினைத்துத்தான் தலையாட்டியிருக்கிறார். விதி தெரிந்த நான்கு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம், ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பழைய பகடை அண்ணா, தங்கை இருக்கிறாள். கதையின் தொடக்கத்தில் அவளை விட்டுவிட்டுத்தான் கொர்காத் கிளம்பினான். நானே மறந்துவிட்டேன்.

இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போகிறேன். தொலைபேசியில் சரிவராது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

போகும்போது அட்டவணையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 2024 பட்டியலையும். அதில் பத்துமுகப் பகடை ஒன்றுதான். பத்து இனம், ஹாஃப்-ஆர்க் கிடையாது, ஆர்க் உண்டு. பத்தில் ஒன்று. வலிமை ஏற்றமும் இனத்திலிருந்து விலகிக் கதாபாத்திரத்தின் பின்புலத்துக்குப் போய்விட்டதால் 20 குறையாமல் 20-ஆகவே நிற்கும். எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கட்டும்.

பழைய பகடை எழுதியது:

நான் மறுபடி உருட்டாதே என்று சொன்னது மறுபடி உருட்டாதே என்பதற்குத்தான். முதலிலேயே கேட்காமல் உருட்டியதற்கு அது பொருந்தாது. அந்தப் பொண்ணு சொல்வது சரி. அந்த 48 செல்லாத பகடை என்றே வைத்துக்கொள்.

மொட்டைமாடி டி.எம். எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழன் மாலை போனேன். இரண்டு அட்டவணைகளையும் மேசைமேல் வைத்தேன். கேட்காமல் உருட்டியது என் தவறு, சிரித்ததும் தவறு, அந்த 48 செல்லாது, வேண்டுமானால் ஹாஃப்-ஆர்க்காகவே எழலாம், புதிதாக நீயே உருட்டவும் செய்யலாம், வராமல் இருந்துவிடவும் செய்யலாம் என்றேன். அவர் 2014 அட்டவணையை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் படித்தார். கடைசிக்கு வந்ததும் மறுபடி 47-க்குப் போனார். "நோம் இருக்கட்டும். மந்திரத்துக்கு எதிரான சாதகம் நன்றாக இருக்கிறதே" என்றார். (கணக்குப்பிள்ளை, உங்கள் வரவுப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன்.) பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போனது. "குரல் மட்டும் அதே குரல்" என்றார்.

ஞாயிறு வந்தார். மந்திரவாதியை ஆடுபவரிடம் முன்பே பேசியிருந்தேன். நண்பர் படி ஏறி வரும்போதே அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார். கோடரி விஷயத்தில் 2024-இன் வரியைக் கடன் வாங்கிக்கொண்டோம். ஆர்க் மொழி தெரியுமா தெரியாதா என்று ஒரு விவாதம் வந்தது. மொழியும் இனக் கூறுதான் என்றார் டுரூயிட், தாய் பாடிய தாலாட்டு நினைவிருந்தால் மொழியும் இருக்கும் என்று நான் தீர்த்துவைத்தேன்.

கதையைக் கொர்காத்தின் ஊருக்குக் கொண்டுபோனேன். மரவேலி, பூட்டிய வாசல், மேலே காவலாக ஓர் ஆர்க். பொழுது சாய்ந்துவிட்டது. மற்ற மூவரும் யார் முதலில் பேசுவது என்று தங்களுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடித்தொண்டையிலிருந்து அந்தக் குரல் வந்தது: "கதவைத் திற. கொர்காத் வந்திருக்கிறேன் என்று என் தங்கையிடம் சொல்."

காவலாளி அந்தக் குரலைக் கேட்டு முகம் மலர்ந்து கீழே எட்டிப் பார்த்தான் என்றேன். கொர்காத்தைத் தாண்டி, பின்னால் இருட்டில், பேசியவனைத் தேடினான் என்றேன். இந்த முறையும் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அவர்தான்.

தங்கை கதவருகே வந்து நிற்கும் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. பழைய பகடை அண்ணா, ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்குள் எழுதுங்கள்.